அபார்ட்மென்ட்ல டிஜிட்டல் பியானோ: 45,000 ரூபாய் பொருளுக்கு உண்மையான செலவு எவ்வளவு?

கார், வீடு, டேர்ம் இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்கிறவங்களுக்கு அடுத்தபடியா இப்போ பெற்றோர்கள் என்கிட்ட கேட்கிற கேள்வி இது: "பையன் பியானோ கிளாஸ் போறான். மிஸ் வீட்ல ஒண்ணு வாங்கச் சொல்றாங்க. 12,000 ரூபாய் கீபோர்டு போதுமா, 50,000 ரூபாய் பியானோ வேணுமா? பிளாட்ல வச்சா சத்தம் வருமா?" ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வியான்னு தோணலாம். ஆனா இதுல பாதிக்கு மேல கணக்குதான். மீதி கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் பக்கத்து வீட்டு உறவு.

முதல்ல ஒரு விஷயத்தை ஒதுக்கிடலாம். மரத்துல செஞ்ச நிஜ பியானோ, அதாவது கம்பி வச்ச அப்ரைட் மாடல், சென்னை மாதிரி ஊர்ல, அதுவும் வாடகை பிளாட்ல வேண்டாம். 200 கிலோவுக்கு மேல எடை, உள்ள சுமார் 230 கம்பி. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது டியூனிங் பண்ணணும். நம்ம கடற்கரை ஈரப்பதத்துக்கு மரம் ஊதும், சுருங்கும், சுருதி இறங்கும். வீடு மாறும்போது லிஃப்ட்ல ஏறாது. எல்லாத்துக்கும் மேல, அதுக்கு வால்யூம் குமிழ் கிடையாது. சொந்த வீடு, தனி அறை, தீவிரமான மாணவர்னு மூணும் சேர்ந்தா மட்டும் யோசிக்கலாம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி டீச்சருக்கு ஒரு போன்

இந்த ஒரு போன் கால் உங்களுக்கு 45,000 ரூபாய் மிச்சப்படுத்தலாம். மிகைப்படுத்திச் சொல்லல. டிரினிட்டி தேர்வுகள்ல பியானோ வேற பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டு வேற பாடத்திட்டம். நம்ம ஊர்ல "பியானோ கிளாஸ்"னு பேச்சு வழக்குல சொல்ற பல வகுப்புகள்ல உண்மையில சொல்லித் தர்றது கீபோர்டு. வலது கையில மெட்டு, இடது கையில கார்டு, பின்னணியில மெஷினே வாசிக்கிற தாளம். அந்த ஸ்டைல் வசதி சாதாரண டிஜிட்டல் பியானோவுல இருக்காது. 45,000 போட்டு நல்ல பியானோ வாங்கி வச்சுட்டு, கிளாஸ்ல கேட்கிறது 15,000 ரூபாய் கீபோர்டுன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்?

கர்நாடக சங்கீதம் கீபோர்டுல கத்துக்கிற பிள்ளைகளுக்கும் இதேதான். கமகத்துக்குச் சுருதியை வளைக்கிற சக்கரம் இடது ஓரத்துல வேணும். பெரும்பாலான டிஜிட்டல் பியானோவுல அது கிடையாது. அதனால டீச்சர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி "எந்த பிராண்ட்?" இல்ல. "எந்தப் பாடத்திட்டம், எந்த கிரேடு வரைக்கும்?"

பதில் "பியானோதான்"னு வந்தா மேல படிங்க.

எதுக்குக் காசு கொடுக்கிறோம்?

நிஜ பியானோவுல ஒரு கட்டையை அழுத்தினா உள்ள ஒரு சின்ன சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். அந்த எடையை விரல் உணரும். இடது பக்கக் கனமான ஸ்வரங்கள்ல கட்டை கொஞ்சம் கனம், வலது பக்கம் போகப் போக லேசு. டிஜிட்டல் பியானோவுல கம்பி இல்ல, ஆனா அந்த எடையை மட்டும் எந்திரமா அப்படியே வச்சிருப்பாங்க. இதைத்தான் ஹாம்மர் ஆக்‌ஷன்னு சொல்றாங்க. 88 கட்டை, ஹாம்மர் ஆக்‌ஷன், ஒரு சஸ்டெய்ன் பெடல். இந்த மூணும் இருந்தாத்தான் அது பியானோ. "டச் சென்சிட்டிவ்"னு மட்டும் பெட்டியில போட்டிருந்தா அது வேற; வேகமா அழுத்தினா சத்தம் கூடும், அவ்வளவுதான், எடை இருக்காது. "செமி வெயிட்டட்"ங்கிறதும் ஸ்பிரிங்தான்.

நீங்க போடுற காசுல முக்கால்வாசி இந்தக் கட்டைகளுக்குத்தான் போகணும். 500 வகை ஒலி, எல்இடி விளக்கு, டெமோ பாட்டு எல்லாம் ஷோரூம்ல பிள்ளைகளைக் கவர. வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் யாரும் தொட மாட்டாங்க.

ஆரம்ப நிலையில மூணு மாடல் பேரு திரும்பத் திரும்ப வரும்: யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10. மூணுமே ஏறக்குறைய 40,000-லிருந்து 60,000 ரூபாய்க்குள்ள சுத்தும், கடைக்குக் கடை, சீசனுக்குச் சீசன் மாறும். யமஹாவுலயும் கேசியோவுலயும் ஒரே நேரத்துல 64 ஸ்வரம் ஒலிக்கும், ரோலண்ட்ல 96. பெடலை மிதிச்சுக்கிட்டு வாசிக்கும்போது பழைய ஸ்வரங்களும் ஒலிச்சுக்கிட்டே இருக்கும், அதனாலதான் இந்த எண்ணிக்கை. முதல் நாலஞ்சு கிரேடுக்கு 64 தாராளம். ரோலண்ட்ல ஒவ்வொரு கட்டைக்கும் மூணு சென்சார் இருக்கு. கட்டை முழுசா மேல வராமலே அதே ஸ்வரத்தை மறுபடி வேகமா வாசிக்கலாம். என்னோட தேர்வு கேட்டீங்கன்னா, கட்டைக்காக ரோலண்ட், சின்ன அறைக்குக் கேசியோ, மறுவிற்பனைக்கு யமஹா. ஆனா நேர்ல உட்கார்ந்து வாசிக்காம ஆன்லைன்ல ஆர்டர் பண்ணாதீங்க. அண்ணா சாலையில 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிகல் மாதிரி கடைக்குப் போய், பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வைங்க. வாசிக்கப் போறது நீங்க இல்ல.

ஹெட்ஃபோன் போட்டா சத்தமே வராதா?

இதுதான் அபார்ட்மென்ட்காரங்க எல்லாரும் ஏமாற இடம். கடைக்காரர் சொல்றது பொய் இல்ல. ஹெட்ஃபோன் போட்டா இசை வெளிய வராது. ஆனா இன்னொரு சத்தம் வரும்.

என் கிளையன்ட் ஒருத்தர், மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கார். பொண்ணு எட்டாவது படிக்கிறா. ஹோம்வொர்க் முடிஞ்சு ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் பயிற்சி, அதுவும் ஹெட்ஃபோன் போட்டுத்தான். பத்து நாள் கழிச்சு ரெண்டாவது மாடி பாட்டி லிஃப்ட்ல கேட்டிருக்காங்க: "ஏம்மா, ராத்திரியில உங்க வீட்ல தினமும் என்னத்தை இடிக்கிறீங்க?" இவங்களுக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம் ஒரு நாள் கீழ போய் அவங்க ஹால்ல உட்கார்ந்து கேட்டாங்க. தட், தட், தட்தட். இசையே இல்லாத பியானோ எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சது.

நடக்கிறது இதுதான். ஒவ்வொரு தடவையும் கட்டை அடியில போய் முட்டும்போது ஒரு சின்ன அதிர்வு. அது ஸ்டாண்டு வழியா, ஸ்டாண்டு கால் வழியா, டைல்ஸ் வழியா நேரா கான்கிரீட் தளத்துக்குள்ள இறங்கும். காத்துல போற சத்தத்தைச் சுவர் தடுக்கும். கான்கிரீட்ல இறங்கின அதிர்வைக் கான்கிரீட் தடுக்காது, கொண்டுபோய்ச் சேர்க்கும். நம்ம பிளாட்கள்ல டைல்ஸுக்கு அடியில மெத்தை மாதிரி எதுவும் போடுறதில்ல. சுவரையும் தளத்தையும் ஒரே கான்கிரீட்டா வார்த்த புது அடுக்குமாடிகள்ல இது இன்னும் தெளிவா கேட்கும். பியானோவுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு மட்டும் கேட்காது, ஏன்னா அவங்க காதுல ஹெட்ஃபோன்.

தீர்வு பெரிய செலவு இல்ல. ஜிம்ல போடுற தடிமனான ரப்பர் மேட், 10-லிருந்து 15 மில்லிமீட்டர், ஸ்டாண்டோட நாலு காலும் பெடலும் அதுக்குள்ள அடங்குற அளவு. அதுக்கு மேல ஒரு பிளைவுட் பலகை, அதுக்கு மேல ஸ்டாண்டு. எடை பரவலா இறங்கும். ஸ்டாண்டு சுவரைத் தொடக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்க. படுக்கையறைக்கு மேல வர்ற இடத்துல வைக்காதீங்க. பெரும்பாலான அடுக்குமாடிகள்ல மேல்வீடும் கீழ்வீடும் ஒரே பிளான், அதனால உங்க ஹாலுக்குக் கீழ அவங்க ஹால்தான். எக்ஸ் வடிவ மடக்கு ஸ்டாண்டு இந்த விஷயத்துல மோசம்; ஆடும், ஆட்டத்தையும் சேர்த்துக் கீழ அனுப்பும். வாங்கி வச்ச முதல் வாரமே, மழைக்கு முன்னாடி குடை மாதிரி, கீழ் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, நீங்க கீழ நின்னு பிள்ளையை மேல வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. இதுக்கு எந்த ரிவ்யூவும் ஈடு கிடையாது.

அந்தக் கிளையன்ட் வீட்ல மேட் போட்ட பிறகு "தட் தட்" முழுசா போகல. குறைஞ்சது. பயிற்சி நேரத்தைச் சாயங்காலம் ஆறரைக்கு மாத்தினாங்க, பாட்டிக்கு அப்போ டிவி நேரம்.

ஸ்பீக்கர்ல வாசிக்கிறவங்களுக்குச் சட்டமும் ஒண்ணு இருக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல் வரம்பு 55 டெசிபல், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. தனியார் இடத்துல இருந்து வர்ற வாத்திய ஒலி அந்த இடத்தோட எல்லையில இதைவிட 5 டெசிபலுக்கு மேல கூடக் கூடாது. யாரும் மீட்டர் வச்சு அளந்து பியானோவுக்குக் கேஸ் போட்டதா நான் பார்த்ததில்ல. ஆனா அசோசியேஷன்ல புகார் வந்து, வீட்டு ஓனர் காதுக்குப் போச்சுன்னா, அடுத்த 11 மாச அக்ரிமென்ட்ல என்ன நடக்கும்னு வாடகைக்கு இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

ஹெட்ஃபோன் ஒயர் உள்ளதா இருக்கணும். ப்ளூடூத்ல கட்டையை அழுத்தினதுக்கும் காதுல கேட்கிறதுக்கும் நடுவுல ஒரு தாமதம் வரும், தாளமே கெட்டுடும். வாங்கும்போது பியானோவுல இருக்கிற துளை பெரிசா சின்னதான்னு பார்த்து, கன்வெர்ட்டர் பின் சேர்த்து வாங்குங்க. வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்த விடாதீங்க. பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம், பெரியவங்களுக்கு 80.

இப்போ கணக்கு

பியானோ 45,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அதோட கொடுக்கிற பெடல் பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, டைல்ஸ்ல வழுக்கிக்கிட்டே போகும், நல்லது 2,000. மரச் ஸ்டாண்டு 6,000. உயரம் மாத்துற பெஞ்ச் 4,000. டைனிங் சேர்ல உட்கார்ந்தா பிள்ளைக்கு மணிக்கட்டு வலிக்கும், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஹெட்ஃபோன் 2,500, ரப்பர் மேட்டும் பலகையும் 1,500, சர்ஜ் புரொடெக்டர் 800. கூட்டினா 61,800. பெட்டியில ஒட்டின விலையை விட 37 சதவீதம் அதிகம். உங்க பட்ஜெட் 45,000-தான்னா, பியானோவுக்கு ஒதுக்க வேண்டியது 28,000-க்குப் பக்கம். அந்த விலைக்குப் புதுசு கஷ்டம், ரெண்டு வருஷம் பழசு கிடைக்கும்.

இது பெரிய தொகையா? கிளாஸ் ஃபீஸோட ஒப்பிடுங்க. மாசம் 2,500-னா நாலு வருஷத்துக்கு 1,20,000. பியானோவை நாலு வருஷம் கழிச்சு 20,000-க்கு வித்தாக்கூட நிகரச் செலவு 41,800, அதாவது மாசம் 870 ரூபாய். செலவுல பெரிய பங்கு கிளாஸ்தான், கருவி இல்ல. வீட்ல சரியான கருவி இல்லாம, பயிற்சி இல்லாம கிளாஸ் போறது, ஜிம்முக்குக் காசு கட்டிட்டு வாசல்ல நின்னுட்டு வர்ற மாதிரி.

ஆனா பிள்ளை எட்டு மாசத்துல நிறுத்திட்டா? இதுதான் எல்லாப் பெற்றோருக்கும் உள்ளூர இருக்கிற பயம், கராத்தே, செஸ், ஸ்கேட்டிங் எல்லாம் பார்த்தாச்சு. செட்டை 40,000-க்கு விக்க முடிஞ்சா நஷ்டம் சுமார் 22,000. அதுக்குப் பதிலா முதல் வருஷம் 15,000 ரூபாய் கீபோர்டுல ஆரம்பிச்சு, அதை 8,000-க்கு வித்தா நஷ்டம் 7,000. இந்த 7,000 பிள்ளை தொடர்ந்தாலும் போகும், நிறுத்தினாலும் போகும். ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைச்சுக்குங்க. 22,000-ல 7,000-ங்கிறது கிட்டத்தட்ட 32 சதவீதம். பிள்ளை நிறுத்திடுறதுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு இருக்குன்னு உங்களுக்குத் தோணினா கீபோர்டுல ஆரம்பிக்கிறது லாபம். அதைவிடக் கம்மின்னா நேரா பியானோ. இந்த வாய்ப்பை எக்செல் சொல்லாது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆறு, ஏழு வயசுக் குழந்தைக்கு நான் கீபோர்டு பக்கம்தான் சாய்வேன். பத்து வயசுக்கு மேல, ஏற்கெனவே ஒரு வருஷம் கிளாஸ் போன பிள்ளைன்னா பியானோ. எடையில்லாத கட்டையில பழகின விரல் பரீட்சை அறையில நிஜ பியானோ முன்னாடி உட்காரும்போது திணறும்.

நோ காஸ்ட் இஎம்ஐ, டாக்ஸ் சமாச்சாரம்

"வட்டியே இல்ல சார், மாசம் 4,000, 12 மாசம்." 48,000 ரூபாய் பியானோவுக்கு. உண்மையில பேங்க் வட்டி போடுது. அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டுறாங்க. வருஷத்துக்கு 15 சதவீதம்னா உங்க பேர்ல ஏறுற கடன் சுமார் 44,300, வட்டி சுமார் 3,700. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 660, உங்க கார்டு பில்லுல தனியா வரும். பிராசஸிங் ஃபீஸ் 199-ம் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்தா 235. மொத்தம் 900 ரூபாய் பக்கம். பெரிய தொகை இல்லதான். ஆனா ஒரே தவணையில கொடுத்தா கடைக்காரர் ஸ்டாண்டை இலவசமா தருவாரான்னு கேட்டுப் பாருங்க. பல நேரம் நீங்க இழக்கிறது 900 இல்ல, அந்த ஸ்டாண்டு.

டிஜிட்டல் பியானோவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எம்ஆர்பிக்குள்ளேயே இருக்கு. "பில் இல்லாம 4,000 கம்மி"ன்னு சொன்னா வேண்டாம். பில் இல்லைன்னா வாரண்டி இல்ல, விக்கும்போதும் விலை இல்ல. மியூசிக் கிளாஸ் ஃபீஸை 80சி-ல காட்டலாமான்னு மார்ச் மாசம் தவறாம யாராவது கேட்பாங்க. முடியாது. அந்தச் சலுகை பள்ளி, கல்லூரி முழுநேரப் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில. படிக்கிறவங்க பியானோ டீச்சரா இருந்தா விஷயம் வேற: தொழிலுக்கு வாங்கின கருவிக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், ஜிஎஸ்டி பதிவு இருந்தா உள்ளீட்டு வரியையும் எடுக்கலாம். பில்லுல உங்க ஜிஎஸ்டி எண் இருக்கணும்.

சிங்கப்பூர்ல இருந்து மாமா கொண்டு வர்றேன்னு சொன்னா அன்போட மறுத்துடுங்க. 88 கட்டைன்னா 130 சென்டிமீட்டர் நீளம். நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்டிமீட்டர்ங்கிற வழக்கமான விமான லக்கேஜ் வரம்பைத் தாண்டும். கூடுதல் கட்டணம், சுங்க வரி, இங்க செல்லாத வாரண்டி. அமெரிக்காவுல வாங்கினா அடாப்டர் 110 வோல்ட்டான்னு வேற பார்க்கணும்.

பழசு வாங்கும்போது

நல்ல சந்தை இருக்கு. காரணம் மேல சொன்னதுதான், எட்டு மாசத்துல நிறுத்தின பிள்ளைகள். போய்ப் பார்க்கும்போது எல்லா 88 கட்டையையும் முதல்ல ரொம்ப மெதுவா, அப்புறம் அழுத்தமா வாசிங்க. ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டையை விட உரக்கக் கத்துச்சுன்னா உள்ள சென்சார் தேஞ்சிருக்கு. ஹெட்ஃபோன் துளையையும் பெடல் துளையையும் கண்டிப்பா சோதிங்க. ஸ்பீக்கர்ல மட்டும் வாசிச்சுக் காட்டுறவங்க அதிகம். அடாப்டர் ஒரிஜினலான்னு பாருங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுன்னா துருவைக் கவனிங்க. கரப்பான், பல்லி குடியேறின பியானோவை நான் பார்த்திருக்கேன். அதனால உங்க வீட்லயும் ஒரு துணி உறை அவசியம். கரண்ட் செலவு பற்றிக் கவலைப்படாதீங்க. 10 வாட்டுக்குள்ளதான் இழுக்கும், தினம் ஒரு மணி நேரம் வாசிச்சா மாசத்துக்கு அரை யூனிட் கூட வராது. இன்வெர்ட்டர்லயும் ஓடும்.

அளவு நாடாவை எடுத்து வீட்ல 132 சென்டிமீட்டர் இடம் எங்க இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. 10-க்கு 10 அறையில கட்டிலும் பீரோவும் போக மீதி இருக்கிற சுவர் பெரும்பாலும் அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும். வெயில் நேரா விழுற ஜன்னலோரமும், ஏசி தண்ணி சொட்டுற மூலையும் வேண்டாம்.

வந்து இறங்கினதும் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உள்ள இருக்கிற தெர்மாகோலோட லாஃப்ட்ல ஏத்தி வைங்க. வாரண்டி சர்வீஸுக்கு அனுப்பவும், அடுத்த வாடகை வீட்டுக்குக் கொண்டு போகவும், ஒரு நாள் வேற யாருக்காவது விக்கவும் அந்தப் பெட்டிதான் வேணும்.